தி ரூம்: பெட்டி திறக்கும் புதிர் விளையாட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் ஃபயர்ப்ரூஃப் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘தி ரூம்’ வரிசை விளையாட்டுகளைத் தொடங்க நினைப்பவர்களும், பாதி வழியில் ஏதோ ஒரு பூட்டின் முன் திகைத்து நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. எந்தப் புதிரின் விடையும் இங்கே இல்லை. விடையைச் சொல்லிவிட்டால் இந்த விளையாட்டில் எஞ்சுவது மிகக் குறைவு என்பதால், ஒரு பெட்டியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை விளக்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இது எப்படிப்பட்ட விளையாட்டு?

இருட்டான ஓர் அறையில் உங்கள் முன் ஒரு பெட்டி நிற்கிறது. அதைச் சுற்றி வந்து பார்க்கலாம், நெருங்கிப் பார்க்கலாம், தொட்டு அசைக்கலாம். அதன் மேல் சாவித்துளைகள், இழுப்பறைகள், எழுத்துச் சக்கரங்கள், திருகுகள், நெம்புகோல்கள், எதற்கென்று உடனே விளங்காத பித்தளைத் தகடுகள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றைச் சரியாக அசைத்தால் இன்னொன்று விடுபடும். அது விடுபட்டால் உள்ளிருந்து ஒரு சாவியோ சிறு இயந்திர உறுப்போ கிடைக்கும். அது பெட்டியின் வேறொரு பக்கத்தில் பொருந்தும். இப்படியே ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாகத் திறந்துகொண்டே போவதுதான் விளையாட்டு. எதிரிகள் இல்லை, புள்ளிகள் இல்லை, நேரக் கெடு வைத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்காது, தோற்றுப்போகவும் வழியில்லை.

இணையத்தில் தேடும்போது ஒரு கவனம் தேவை. இதே பெயரில் 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆப் ஸ்டோரிலும் பிளே ஸ்டோரிலும் ஏறத்தாழ இதே பெயரும் இதே சாயலும் கொண்ட போலிகளும் பல இருக்கின்றன. பதிவிறக்கும் முன் வெளியீட்டாளர் பெயர் ஃபயர்ப்ரூஃப் கேம்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உருவாக்கியவர்கள் யார்?

சர்ரே மாவட்டத்தின் கில்ட்ஃபர்ட் நகரில் இயங்கும் சிறிய நிறுவனம் இது. ‘பர்ன்அவுட்’ கார்ப் பந்தய விளையாட்டுகளைச் செய்த கிரைட்டீரியன் நிறுவனத்தில் ஓவியப் பிரிவில் வேலை பார்த்த ஆறு பேர் வெளியேறி, 2008-இல் இதைத் தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகள் ‘லிட்டில் பிக் பிளானட்’ போன்ற பிறரின் விளையாட்டுகளுக்குக் காட்சிகளை வரைந்து கொடுப்பதே அவர்களுடைய தொழிலாக இருந்தது. கூலிக்கு வேலை செய்து சேர்த்த பணத்தைப் போட்டு, சிறு குழுவாக அமர்ந்து, தங்களுக்கென்று அவர்கள் செய்த முதல் விளையாட்டுதான் ‘தி ரூம்’. அது 2012 செப்டம்பரில் ஐபேடுக்கு வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஐபேட் விளையாட்டாக ஆப்பிள் அதைத் தேர்ந்தெடுத்தது. 2013-இல் சிறந்த பிரிட்டிஷ் விளையாட்டுக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் அகாதமி) விருதும் கிடைத்தது.

ஓவியர்கள் தொடங்கிய நிறுவனம் என்பதை விளையாடும்போது நன்றாகவே உணரலாம். பெட்டியின் மரத்தில் ரேகை ஓடுகிறது, பித்தளை கைபடும் இடங்களில் மட்டும் பளபளக்கிறது, மூலைகளில் தூசி படிந்திருக்கிறது. பெரிய உலகத்தைக் காட்ட ஆள்பலம் இல்லாதவர்கள், ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதை முழுமையாகச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவுதான் இதைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

மொத்தம் எத்தனை பாகங்கள்? எந்த வரிசையில் விளையாடுவது?

கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் நான்கு பாகங்கள் உள்ளன. 2012-இல் ‘தி ரூம்’, 2013 டிசம்பரில் ‘தி ரூம் டூ’, 2015 நவம்பரில் ‘தி ரூம் த்ரீ’, 2018 ஜனவரியில் ‘தி ரூம்: ஓல்டு சின்ஸ்’ என்பது ஐபேடில் வெளிவந்த வரிசை. ஆண்ட்ராய்டுக்கு ஒவ்வொன்றும் சில மாதங்கள் கழித்து வந்தது. ஐந்தாவதாக 2020 மார்ச்சில் வந்த ‘தி ரூம் வி.ஆர்: எ டார்க் மேட்டர்’ தலையில் மாட்டும் மெய்நிகர் கருவிகளுக்கு மட்டுமே உரியது, 1908-ஆம் ஆண்டு லண்டனில் நடப்பதாக அமைந்தது, கைபேசியில் விளையாட முடியாது.

வந்த வரிசையிலேயே விளையாடுங்கள். கதைக்காக இதைச் சொல்லவில்லை; கதையை எங்கிருந்து தொடங்கினாலும் ஓரளவு பிடித்துக்கொள்ளலாம். முதல் பாகத்தில் உங்கள் முன் இருப்பது ஒரே பெட்டி. இரண்டாவதில் ஓர் அறைக்குள் பல பொருள்கள் இருக்கும், ஒன்றில் கிடைத்தது இன்னொன்றுக்குப் போகும். மூன்றாவதில் ஒரு மாளிகையே விரிகிறது. நான்காவதில் ஒரு பொம்மை வீடு, அதன் ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழைய வேண்டும். முதல் பாகம் விரலுக்கும் கண்ணுக்கும் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் அடுத்தவை எழுப்பப்பட்டிருக்கின்றன. நான்காவதில் தொடங்கியவர்கள் பலர், திரும்பி முதலாவதுக்கு வரும்போது அது மிகச் சிறியது என்று கருதிப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

எந்தக் கருவியில் விளையாடுவது நல்லது?

முடிந்தால் டேப்லெட்டில் விளையாடுங்கள். முதலில் ஐபேடின் பெரிய திரையை மனத்தில் வைத்துத்தான் இதைச் செய்தார்கள். கைபேசியிலும் நன்றாகவே ஓடும். ஆனால் பெட்டியின் விளிம்பில் முடியளவு இடைவெளி ஒன்று தெரிகிறதா என்று தேடும்போது திரையின் அளவு உதவுகிறது.

கணினியில் விளையாட விரும்புபவர்களுக்காக முதல் பாகத்தை 2014-இல் ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டு இணையக் கடையில் வெளியிட்டார்கள். கைபேசிப் பதிப்பை அப்படியே பெரிதாக்கிக் கொடுக்காமல், பொருள்களையும் அவற்றின் மேற்பரப்புகளையும் மறுபடியும் செய்து கொடுத்தார்கள் என்பதால் அது பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கிறது. மற்ற மூன்று பாகங்களும் பின்னர் அங்கே வந்துவிட்டன. ஆயினும் மவுஸைக் கொண்டு சாவியைத் திருப்புவதும் விரலால் திருப்புவதும் ஒன்றல்ல. இரண்டும் கையில் இருந்தால் தொடுதிரையையே தேர்ந்தெடுங்கள்.

பணம் கட்ட வேண்டுமா? விளம்பரம் வருமா? இணையம் வேண்டுமா?

ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் முழு விளையாட்டும் உங்களுடையது. நடுவில் விளம்பரம் வராது, நாணயம் வாங்கு, துப்பு வாங்கு என்ற தொல்லை கிடையாது. பதிவிறக்கிய பிறகு விளையாட இணைய இணைப்பும் தேவையில்லை. ஆப் ஸ்டோரில் வாங்கியதை ஆண்ட்ராய்டுக்கோ ஸ்டீமுக்கோ மாற்றிக்கொள்ள முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசி விளையாட்டுகள் பெரும்பாலும் இலவசமாக உள்ளே அழைத்துப் பிறகு சிறுகச் சிறுகப் பணம் கறக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில்தான் இவை வெளிவந்தன. நிறுவனர்களில் ஒருவரான பேரி மீட் அந்தப் போக்கை 2014-இல் வெளிப்படையாகவே விமர்சித்து எழுதினார். இந்த விளையாட்டின் அமைதிக்கும் அந்த வியாபார முறைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பூட்டைத் திறக்கத் திணறும்போது ‘பத்து ரூபாய் கொடுத்தால் திறந்துவிடுகிறேன்’ என்று திரை கேட்கும் என்றால், பூட்டைச் செய்தவர் அதைக் கடினமாக்கியது உங்கள் மகிழ்ச்சிக்கா அவருடைய வருமானத்துக்கா என்ற சந்தேகம் எழுந்துவிடும். இங்கே அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆகவே பெட்டியை முழுமையாக நம்பலாம். விலையைப் பார்த்துத் தயங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விரலால் எப்படி இயக்குவது? பட்டன்கள் எங்கே இருக்கின்றன?

பட்டன்கள் கிடையாது என்று சொல்லலாம். திரையின் ஓரத்தில் நீங்கள் சேகரித்த பொருள்கள் மட்டும் சிறியதாகத் தெரியும். ஒரு விரலால் இழுத்தால் பெட்டியைச் சுற்றி வரலாம். ஓரிடத்தை இரண்டு முறை தட்டினால் அதை நெருங்கலாம். இரு விரல்களைச் சேர்த்துக் குவித்தால் பின்வாங்கலாம். மற்றதெல்லாம் அந்தந்தப் பொருளைப் பொறுத்தது.

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒரு சாவியை எடுத்துக்கொள்வோம். மற்ற விளையாட்டுகளில் சாவியைப் பூட்டின் மேல் தட்டியதும் கதவு திறந்துவிடும். இங்கே சாவியை இழுத்துத் துளையில் பொருத்த வேண்டும். பிறகு அதன் தலையில் விரலை வைத்து வட்டமாகச் சுழற்ற வேண்டும். விரல் மெதுவாகப் போனால் சாவியும் மெதுவாகத் திரும்பும், பாதியில் விரலை நிறுத்தினால் அதுவும் நிற்கும். ஓர் இடத்தைத் தாண்டியதும் உள்ளே கொண்டி விலகும் ஓசை கேட்கும், அதன் பிறகுதான் மூடி நகரும். இழுப்பறையை இழுக்கத்தான் வேண்டும், தள்ளுதாழைத் தள்ளத்தான் வேண்டும், கைப்பிடியைச் சுற்றினால் எத்தனை சுற்றுக்கு எத்தனை பல்சக்கரம் நகர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

சாவி எப்போதும் முழுமையாகக் கிடைப்பதும் இல்லை. சேகரித்த பொருளைத் தட்டி எடுத்து, கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பது போல எல்லாப் பக்கமும் பார்க்க முடியும். அலங்காரத் தண்டு என்று நினைத்திருந்ததன் அடியில் ஒரு கீல் இருக்கும். அதை மடக்கினால் உள்ளே ஒளிந்திருந்த பற்கள் வெளியே வரும். அந்தப் பற்களையும் நகர்த்தி, பூட்டில் நீங்கள் பார்த்த துளையின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது சாவியே ஒரு சிறிய புதிர்ப்பெட்டி ஆகிவிடுகிறது. பொருளைப் பொருளாக நடத்தும் இந்த நேர்மை எல்லாப் பாகங்களிலும் குலையாமல் இருக்கிறது.

அதனால்தான் ஒலிபெருக்கியை மூடிவிட்டு விளையாட வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன். மரம் மரத்தில் உரசுவது ஓர் ஓசை, இரும்பு விழுவது வேறோர் ஓசை. எங்கோ பின்பக்கத்தில் ஏதோ விடுபட்டுவிட்டது என்பதைக் காது பல முறை கண்ணுக்கு முன்பே சொல்லிவிடும்.

அந்தக் கண்வில்லை எதற்கு?

முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே ஒரு கண்வில்லை கிடைக்கும். அதை அணிந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாத கைரேகைகள், குறியீடுகள், எழுத்துகள் பெட்டியின் மேல் ஒளிரும். சில இடங்களில் ஓர் உருவம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். நீங்கள் பார்க்கும் கோணத்தை மெல்ல மாற்றிக்கொண்டே வந்தால், ஒரே ஒரு கோணத்தில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து முழு வடிவமாகும். மூன்றாம் பாகத்தில் வில்லைக்குக் கூடுதல் ஆற்றல் வருகிறது. அதைக் கொண்டு சாவித்துளை போன்ற நுண்ணிய இடங்களுக்குள்ளேயே நுழைந்து, அங்கிருக்கும் இயந்திரத்தை உள்ளிருந்து இயக்கலாம்.

நகர முடியாமல் நின்றுவிட்டேன். எங்கே பார்ப்பது?

பெரும்பாலானவர்கள் நிற்பது புதிரின் கடினத்தால் அல்ல; பார்க்காமல் விட்ட ஓரிடத்தால். முதலில் கையில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ‘இதைத்தான் பார்த்துவிட்டேனே’ என்று நினைக்கும் பொருளின் அடிப்பக்கத்தில்தான் பெரும்பாலும் ஒரு பொத்தான் இருக்கும். அடுத்து கண்வில்லையை அணிந்துகொண்டு பெட்டியை ஒரு முழுச் சுற்று சுற்றி வாருங்கள். நெருங்கிச் சென்ற இடங்களிலும் மறுபடி அணிந்து பாருங்கள், ஏனென்றால் தொலைவில் தெரியாதது அருகில் தெரியும். அதன் பிறகு பெட்டியின் கால்கள், மேற்கூரையின் விளிம்பு, திறந்த கதவின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். திறந்த கதவின் உட்புறத்தை மறப்பவர்கள் மிக அதிகம்.

இன்னொரு வழியும் உண்டு. கடைசியாக என்ன நகர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒன்று நகர்ந்தால் வேறெங்கோ ஏதோ மாறியிருக்கும். அந்த மாற்றம் எங்கே என்று தேடுவது, பெட்டி முழுவதையும் புதிதாகத் தேடுவதைவிட எளிது. காரணமில்லாத உறுப்பு என்று எதுவும் இங்கே அரிது. ஒரு திருகின் தலை மற்ற மூன்று திருகுகளிலிருந்து சற்று வேறுபட்டிருந்தால், அது தச்சரின் கைப்பிசகு அல்ல.

துப்பைப் பயன்படுத்தலாமா? வீடியோ பார்க்கலாமா?

சிறிது நேரம் எதுவும் நடக்காவிட்டால் திரையின் மூலையில் ஒரு கேள்விக்குறி தோன்றும். அதைத் தட்டினால் முதலில் மேலோட்டமாக ஒரு வரி கிடைக்கும். அதுவும் போதவில்லை என்றால் சற்று நேரம் கழித்து இன்னும் தெளிவான வரி வரும். இறுதி வரி ஏறத்தாழ விடையையே சொல்லிவிடும். இந்தப் படிக்கட்டு முறை மிகுந்த அக்கறையோடு அமைக்கப்பட்டது. ஆகவே துப்பைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை, முதல் படியோடு நின்றுகொள்ள முயன்றால் போதும். கேள்விக்குறியே கண்ணில் படக் கூடாது என்பவர்கள் அமைப்புகளில் அதை நிறுத்திவைக்கலாம்.

வீடியோவைப் பொறுத்தவரை என் நிலை வேறு. வீடியோவில் நீங்கள் தேடும் விடையோடு அடுத்த ஐந்து விடைகளும் சேர்ந்து வந்துவிடும். பெட்டி திறக்கும் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், அது உங்கள் விரலால் திறந்ததாக இருக்காது. ஒரு நாள் இரவு மூடிவைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் பல பூட்டுகள் தாமாகவே வழிக்கு வரும். விளையாட்டு நீங்கள் விட்ட இடத்தைத் தானே சேமித்துக்கொள்ளும் என்பதால் அச்சமின்றி மூடலாம்.

தமிழில் கிடைக்குமா? ஆங்கிலம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

தமிழில் இல்லை. கடிதங்களும் துப்புகளும் ஆங்கிலத்திலோ வேறு சில அயல்மொழிகளிலோதான் இருக்கும். ஆனால் புதிர்களில் மிகப் பெரும்பகுதி எழுத்தே இல்லாதவை. வடிவம், ஓசை, அசைவு ஆகியவற்றால் ஆனவை. சில இடங்களில் மட்டும் ஒரு சொல்லைச் சக்கரங்களில் அமைக்க வேண்டும், இரண்டாம் பாகத்தில் ஒரு தட்டச்சுப்பொறியில் எழுத்துகளை அடிக்க வேண்டும். அந்தச் சொற்கள் பெட்டியின் மேலேயே எங்கேனும் தெரியும் என்பதால் எழுத்துகளை அடையாளம் காணத் தெரிந்தாலே போதும்.

கடிதங்களின் ஆங்கிலம் பழைய பாணியில் இருப்பதால் பள்ளி மாணவர்களுக்குச் சற்றுக் கடினமாகப் படலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து படித்துச் சொல்ல, சிறியவர் பெட்டியைத் திறக்க என்று இருவராகச் சேர்ந்து விளையாடுவது இதற்கு மிகவும் பொருந்தும். ஒருவர் கண்ணில் படாதது மற்றவர் கண்ணில் பட்டுவிடும்.

பயமுறுத்துமா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

ரத்தமோ வன்முறையோ இல்லை, திடுக்கிட வைப்பதற்கென்றே ஏதும் பாய்ந்து வருவதும் இல்லை. ஆனால் சூழல் முழுவதும் அமானுஷ்யமானது. இருட்டு, எங்கிருந்தோ வரும் முணுமுணுப்பு, நகரக் கூடாத ஒன்று நகர்வது ஆகியவை தொடர்ந்து உண்டு. இரண்டாம் பாகத்தில் இது கூடுதல். பத்து வயதுக்கு மேற்பட்ட, இருட்டுக்கு அஞ்சாத குழந்தைகள் பகலில் விளையாடலாம். சிறியவர்கள் தனியாக விளையாட வேண்டாம்.

கதை என்ன?

‘ஏ.எஸ்.’ என்று மட்டும் கையெழுத்திடும் ஒருவர், தன் நண்பரான உங்களுக்குக் கடிதங்களை விட்டுச் செல்கிறார். ‘நல்’ (Null) என்று அழைக்கப்படும் ஐந்தாம் மூலப்பொருள் ஒன்றை அவர் கண்டுபிடித்திருக்கிறார், அது அவரை மெல்ல விழுங்கிக்கொண்டிருக்கிறது. அவர் போன வழியில் பெட்டிகளைத் திறந்துகொண்டு நீங்களும் பின்தொடர்கிறீர்கள். மூன்றாம் பாகத்தில் ஒரு ரயில் பெட்டியில் தொடங்கும் பயணம், ‘கைவினைஞர்’ என்று மட்டும் அறியப்படும் ஒருவரின் கிரே ஹோம் மாளிகையில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நான்காம் பாகம் எட்வர்டு லாக்வுட் என்ற பொறியாளரும் அவர் மனைவி அபிகெயிலும் காணாமல்போனதைப் பற்றியது. அவர்கள் வீட்டின் மேல்மாடி அறையில் இருக்கும் பொம்மை வீட்டுக்குள் அந்த வீட்டின் அறைகளே இருக்கின்றன. மனிதர்களை நேரில் பார்ப்பதே அரிது, எல்லாம் காகிதங்கள் வழியாகத்தான். கதையைவிடப் பெட்டிகளே எனக்கு முக்கியம். ஆனால் நான்காம் பாகத்தில் ஓர் அறையின் பொருள்களைப் பார்த்தே அங்கே வாழ்ந்தவரைப் புரிந்துகொள்ளும்படி செய்திருப்பது தனியாகப் பாராட்டப்பட வேண்டியது.

மூன்றாம் பாகம் சட்டென்று முடிந்துவிட்டது. ஏதாவது விட்டுவிட்டேனா?

ஆம், பெரும்பாலும் விட்டிருப்பீர்கள். அந்தப் பாகத்துக்கு நான்கு முடிவுகள் உண்டு. கைவினைஞர் காட்டும் வழியிலேயே நடந்தால் முதல் முடிவு வரும். மாளிகையில் நீங்கள் திறக்காமல் கடந்துபோன பொருள்கள் மற்ற மூன்று முடிவுகளுக்கும் வழி. முதல் முடிவைப் பார்த்த பிறகு அங்கேயே திரும்பி வரலாம் என்பதால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட பெட்டிகள் உண்மையில் உண்டா?

உண்டு, அவற்றை அறிந்துகொண்டால் விளையாட்டின் மீதான மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

ஜெர்மனியின் நாய்வீட் நகரில் 18-ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் ரோன்ட்கென், அவர் மகன் டேவிட் ரோன்ட்கென் ஆகிய தச்சர்கள் ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கு இயந்திர அறைகலன்களைச் செய்து கொடுத்தார்கள். 1779 வாக்கில் டேவிட் செய்த எழுத்து மேசை அலமாரி ஒன்று, பின்னர் பிரஷ்யாவின் மன்னரான இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியமிடம் இருந்தது. இப்போது பெர்லின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் உயரம் மூன்று மீட்டருக்கும் அதிகம். ஒரு சாவியைத் திருப்பினால் பலகைகள் தாமாக விலகி, எழுதும் பரப்பு முன்னே வரும். பக்கவாட்டில் ஒன்றை அழுத்தினால் இழுப்பறை வெளியே பாயும், அந்த இழுப்பறைக்குப் பின்னால் இன்னும் சிறிய ரகசிய அறைகள் இருக்கும். மின்சாரமில்லாத காலத்தில் இவையெல்லாம் சுருள்வில், எடைக்கல், கயிறு, பல்சக்கரம் ஆகியவற்றால் இயங்கின. இந்த இயந்திரங்களை அமைக்க அதே ஊரின் கடிகாரக் கலைஞர் பீட்டர் கின்ட்சிங் அவர்களோடு உழைத்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2012 அக்டோபர் இறுதியில் ரோன்ட்கென் அறைகலன்களுக்கென்று ஒரு கண்காட்சி நடத்தி, அந்த அலமாரி திறப்பதைக் காணொளியாகவும் வெளியிட்டது. ‘தி ரூம்’ வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. விளையாட்டை முடித்தவர்கள் அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள். விரல் தானாகத் திரையை நோக்கிப் போகும்.

ஜப்பானின் ஹகோனே மலைப்பகுதியில் செய்யப்படும் ‘ஹிமிட்சு பாகோ’ என்னும் ரகசியப் பெட்டிகள் வேறு வகை. அவற்றில் சாவித்துளை, கீல், கைப்பிடி எதுவுமே கிடையாது. வெவ்வேறு நிற மரங்களைச் சேர்த்து ஒட்டிச் சீவிய ‘யோசெகி’ மரச்சித்திரம் மேற்பரப்பு முழுவதையும் மூடியிருப்பதால், பலகைகள் சேரும் இணைப்புகள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கப் பலகையைச் சில மில்லிமீட்டர் தள்ளினால் அடுத்த பக்கத்தைப் பிடித்திருந்த மரநாக்கு விடுபடும். அதைத் தள்ளினால் இன்னொன்று விடுபடும். வரிசை தவறினால் எதுவும் நகராது. இப்படிப் பத்து அல்லது இருபத்தொரு அசைவுகளில் திறப்பவை பரவலாகக் கிடைக்கின்றன, 72 அசைவுகள் வேண்டியவையும் உண்டு. கையில் ஒன்றை வைத்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு, ‘தி ரூம்’ செய்தவர்கள் எதைத் திரைக்குக் கொண்டுவர முயன்றார்கள் என்பது உடனே விளங்கும். ஆசியப் புதிர்ப்பெட்டிகளிலிருந்தே தங்களுக்கு இந்த எண்ணம் தோன்றியதாக அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

பூட்டுகளுக்கு இங்கிலாந்திலேயே பெரிய மரபு உண்டு. ஜோசப் பிராமா என்பவர் தன் பூட்டை லண்டனின் பிக்கடில்லி கடை ஜன்னலில் 1790-இல் வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி (அக்கால ஆங்கிலேயப் பொற்காசு) பரிசு என்று எழுதிவைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரெட் சார்லஸ் ஹாப்ஸ், 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். விளையாட்டில் காணும் பித்தளைப் பூட்டுகளும் வேலைப்பாடு மிகுந்த சாவித்துளைகளும் அந்தக் காலத்தின் சாயலைக் கொண்டவை. ஒரு பூட்டின் முன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டுவிட்டோமே என்று வருந்துபவர்கள் ஹாப்ஸை நினைத்துக்கொள்ளலாம்.

முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மறுபடி விளையாடலாமா?

முதல் பாகத்துக்குச் சில மணி நேரம் போதும், இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். இரண்டாவது அதைவிடச் சற்று நீளம். மூன்றாவதும் நான்காவதும் ஏறத்தாழ முதலாவதைப் போல இரண்டு மடங்கு. முடித்த உடனே மறுபடி தொடங்கினால் விடைகள் நினைவில் இருப்பதால் சுவை குறையும். ஓராண்டு விட்டுவிட்டு எடுத்தால் பாதி மறந்திருக்கும். இரண்டாம் முறை விளையாடும்போது கண் விடையைத் தேடாது, வேலைப்பாட்டைப் பார்க்கும். முதல் முறை அவசரத்தில் கடந்துபோன செதுக்கல்களில், இறுதியில் நடக்கப்போவதற்கான அடையாளங்கள் இருப்பது அப்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். அடுத்து என்ன?

இதே வழியில் நடக்கும் விளையாட்டுகளில் ‘தி ஹவுஸ் ஆஃப் டா வின்சி’யை முதலில் சொல்வேன். ஸ்லோவாக்கியாவின் புளூ பிரெய்ன் கேம்ஸ் 2017-இல் வெளியிட்டது. லியோனார்டோவின் இயந்திர வரைபடங்களை அடியொற்றியது. பின்னர் இரண்டு பாகங்களும் வந்துள்ளன. காட்சிகளில் ‘தி ரூம்’ அளவுக்கு நெருக்கம் இல்லை, சில புதிர்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன. ஆனால் மரமும் பித்தளையும் இயங்கும் விதத்தில் கவனம் உண்டு. 2024-இல் வந்த ‘பாக்ஸஸ்: லாஸ்ட் ஃபிராக்மென்ட்ஸ்’ ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெட்டி என்று முதல் ‘தி ரூம்’ போன சுருக்கமான வழிக்கே திரும்பிச் செல்கிறது. கடினம் குறைவு என்பதால் புதியவர்களுக்கும் ஏற்றது.

ஃபயர்ப்ரூஃப் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ‘கோஸ்ட் டவுன்’ மெய்நிகர் கருவிகளுக்கானது. அந்தக் கருவி வீட்டில் இருப்பவர்கள் அதற்கு முன் ‘எ டார்க் மேட்டர்’ விளையாடிவிடுவது நல்லது, ஏனென்றால் கைபேசியில் விரல் செய்த வேலையை அங்கே முழுக் கையும் செய்கிறது. கருவி இல்லாதவர்கள் அதற்காகவே ஒன்றை வாங்க வேண்டாம். கணினி இருந்தால் ஸ்டீமில் முதல் பாகத்தின் புதுப்பித்த பதிப்பை எடுத்து, டேப்லெட்டில் பார்த்த அதே பெட்டகத்தை மறுபடி சுற்றிப் பாருங்கள்.